காற்று மாசு முன்னறிவிப்பை வைத்து நாளைத் திட்டமிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

காற்றுத் தரச் செயலியைப் புதிதாக இறக்கிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதல் வாரம் மணிக்கொரு தடவை காற்றுத் தரக் குறியீட்டு எண்ணைப் பார்ப்பார்கள், பதறுவார்கள், படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். அடுத்த வாரம் எச்சரிக்கை ஒலி தொல்லையாகிவிடும். அதற்கடுத்த வாரம் அறிவிப்பை அணைத்துவிடுவார்கள். காற்றும் மாறியிருக்காது, அவர்களுடைய நாளும் மாறியிருக்காது.

இதற்குக் காரணம் வரிசைதான். எச்சரிக்கை வந்த பிறகு உட்கார்ந்து "இப்போது என்ன செய்வது?" என்று யோசித்தால், பெரும்பாலும் எதுவும் செய்ய மாட்டோம். காலை அவசரத்தில் யாருக்கும் யோசிக்க நேரமில்லை. எந்த நிலை வந்தால் யார் எதை மாற்றுவது என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம்தான் எச்சரிக்கையை அமைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. 3ஆம் படியையும் 6ஆம் படியையும் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்; அவர்கள்தான் செயலியை அணைத்துவிடுகிறவர்களும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாள், பேனா. இணையம் உள்ள ஒரு கைபேசி. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அல்லது இதய நோய் இருந்தால், மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துத் திட்டம். சரியாகப் பொருந்தும் என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம் சில. கதவு, ஜன்னல்களை இறுக்கமாக மூட முடிகிற ஓர் அறை. காற்றுச் சுத்திகரிப்பான் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்த வழிமுறை பயன்படும்.

முகக்கவசத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புகை சூழும் நாளில் ஊரே அதைத்தான் தேடும்.

1. யாருக்காகப் பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்

தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் வீட்டில் உள்ளவர்களின் பெயர். ஆஸ்துமா உள்ளவர், இதய நோயாளி, கர்ப்பிணி, சிறு குழந்தை, முதியவர் ஆகியோர் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். ஒரே எண் எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. குழந்தைகள் தங்கள் உடல் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஓடுகிறவர் சும்மா உட்கார்ந்திருப்பவரைப்போலப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார், அதுவும் வாய் வழியாக, மூக்கின் வடிகட்டல் இல்லாமல்.

இரண்டாம் பத்தியில் ஒவ்வொருவரும் வெளியில் இருக்கும் நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு உடலுழைப்பு, எந்த இடம் என்று எழுதுங்கள்.

மூன்றாம் பத்திதான் முக்கியம்: இதை நகர்த்த முடியுமா? காலை ஓட்டத்தை மாலைக்கு மாற்றலாம். பள்ளி நேரத்தை மாற்ற முடியாது, ஆனால் பெரிய சாலையை விட்டு உள்தெரு வழியாகப் போகலாம். முன்னறிவிப்பால் உங்களுக்கு எவ்வளவு பயன் என்பது இந்தப் பத்தியில் எத்தனை "முடியும்" இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்தப் பட்டியலில் எல்லோரும் மறக்கும் ஒன்று, வீட்டு ஜன்னல் திறந்திருக்கும் நேரம். அதை ஒரு வேலையாகவே யாரும் நினைப்பதில்லை. ஆனால் எளிதில் நகர்த்தக்கூடியதும் அதுதான், வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் பயன்படுவதும் அதுதான்.

கட்டட வேலை, பொருள் விநியோகம், போக்குவரத்துக் காவல் போன்ற பணிகளில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலானவை "முடியாது" என்றே வரும். அவர்களுக்கு நேரத்தை மாற்றுவதைவிட, கடுமையான வேலையை மட்டும் காற்று சற்று நன்றாக இருக்கும் மணிக்குத் தள்ளுவதும், ஓய்வைச் சாலையோரத்தில் எடுக்காமல் உள்ளே எடுப்பதும், முகக்கவசமும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

2. ஒரே ஒரு முதன்மை மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்

காற்றுத் தகவல் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, அரசு அல்லது நகராட்சியின் அளவீட்டு நிலையங்கள். விலை உயர்ந்த, அவ்வப்போது சரிபார்க்கப்படும் கருவிகள் கொண்டவை. இரண்டாவது, கணினி மாதிரிகள். வானிலை, வாகனம் மற்றும் ஆலைப் புகை, வேதி மாற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுபவை. மூன்றாவது, வீடுகளிலும் பள்ளிகளிலும் மாட்டும் சிறிய உணரிகள். முன்னறிவிப்பு என்பது பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து வருகிறது, நிலைய அளவீடுகளை வைத்துத் திருத்தப்பட்டு.

உங்கள் நாட்டின் சூழல் அமைப்பு நடத்தும் தளத்திலிருந்து தொடங்குங்கள். இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி நிலைய அளவீடுகளைக் காட்டும். அமெரிக்காவில் ஏர்நவ், அளவீட்டையும் முன்னறிவிப்பையும் சேர்த்தே தரும். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை உலகம் முழுவதற்கும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. பல தனியார் செயலிகள் உள்ளுக்குள் பயன்படுத்துவதும் இப்படிப்பட்ட மாதிரிகளைத்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செயலியில் வரைபடம் முழுக்க வண்ணம் பூசியிருப்பதால், ஒவ்வொரு தெருவிலும் அளந்திருக்கிறார்கள் என்று தோன்றும். உலக அளவிலான மாதிரியின் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர் அகலம்; முழு நகரமும் ஒன்றிரண்டு கட்டங்களில் அடங்கிவிடும். அந்த வண்ணம் ஒரு கணக்கு, உங்கள் தெருவின் அளவீடு அல்ல.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மிக அருகில் உள்ள நிலையம் நெரிசலான சந்திப்பில் இருக்கலாம், உங்கள் வீடு மரங்கள் அடர்ந்த உள்தெருவில் இருக்கலாம். பெரிய சாலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே வாகனப் புகை கணிசமாகக் குறைந்துவிடும். அதனால் உங்கள் சூழலை ஒத்த சூழலில் இருக்கும், சற்றுத் தொலைவான நிலையம் பல நேரம் பொருத்தமானது. கடைசியாகப் புதுப்பித்த நேரத்தையும் பாருங்கள். கருவி பழுதாகி நேற்றைய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும் நிலையங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதன்மையாக ஒன்று, அது வேலை செய்யாதபோது பார்க்க ஒன்று. போதும். நான்கு செயலி வைத்திருப்பவர் நான்கு எண்களைப் பார்த்து, தனக்குப் பிடித்ததை நம்புவார்.

3. எண் எந்த அளவுகோலில் இருக்கிறது என்று பாருங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. காற்றுத் தரக் குறியீடு வெப்பநிலையைப் போல உலகப் பொதுவான அளவு அல்ல. பல நாடுகள் தங்களுக்கென ஒன்று வைத்திருக்கின்றன.

ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் சிறிய விட்டமுள்ள துகள்கள் இவை. இந்தியக் குறியீட்டில் இது 100. "திருப்தி" என்ற வகையின் மேல் எல்லை. அமெரிக்கக் குறியீட்டில், 2024இல் திருத்திய கணக்குப்படி, இதே காற்று 150ஐத் தாண்டி "ஆரோக்கியமற்றது" என்ற சிவப்பு வகைக்குள் போய்விடும். பிரிட்டனும் கனடாவும் 1 முதல் 10 வரையிலான வேறு அளவுகோல்களைப் பயன்படுத்துகின்றன. அங்கே 7 என்றால் "அதிகம்". ஆக, ஒருவர் "இன்றைக்கு 150" என்று சொன்னால், எந்த அளவுகோலில் என்று கேட்காமல் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

செயலியின் அமைப்புகளுக்குள் போய், எந்த நாட்டின் குறியீடு தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். பல சர்வதேசச் செயலிகள் அமெரிக்க அளவுகோலையே இயல்பாகக் காட்டும். ஒன்றை முடிவுசெய்து, வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் அதையே வையுங்கள். தாளின் மேல் மூலையில் அதன் பெயரை எழுதிவிடுங்கள்.

முடிந்தால் குறியீட்டோடு மைக்ரோகிராம் அளவையும் பார்க்கப் பழகுங்கள். அது எந்த நாட்டுக்கும் மாறாது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடையாளம் வேண்டுமென்றால், உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பிஎம் 2.5க்கான 24 மணி நேர அளவு 15 மைக்ரோகிராம். மேலே சொன்ன 60 என்பது அதைப்போல நான்கு மடங்கு. "திருப்தி" என்ற சொல்லைப் பார்த்து ஆஸ்துமா உள்ளவர் நிம்மதியாகிவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

4. எந்த மாசு என்பதையும் பாருங்கள்

குறியீடு பல மாசுகளின் கூட்டுத்தொகை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எண் போட்டு, அவற்றில் எது அதிகமோ அதையே அன்றைய குறியீடாக அறிவிப்பதுதான் இந்தியா, அமெரிக்கா உட்படப் பல நாடுகளின் முறை. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக "முதன்மை மாசு" என்று எழுதியிருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் எந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும், எந்தப் பாதுகாப்பு வேலை செய்யும் என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

பிஎம் 2.5 முதன்மையாக இருந்தால், மோசமான நேரம் பெரும்பாலும் இரவும் அதிகாலையும் காலை நெரிசலும். இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்று கனமாகிக் கீழேயே தங்கிவிடுகிறது. மேலே சூடான காற்று மூடிபோல நிற்கிறது. புகை கலந்து போக இடமில்லை. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் காற்று மேலும் கீழும் கலக்கத் தொடங்கும். குளிர்காலத்தில் இது இன்னும் தீவிரம். "அதிகாலைக் காற்று சுத்தமானது" என்று நம்பி விடியும் முன் ஓடப் போகிறவர்கள், பல நாட்களில் அன்றைய மோசமான காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். இந்த ஒன்றைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எனக்கு எப்போதும் கடினமாக இருந்திருக்கிறது.

ஓசோன் முதன்மையாக இருந்தால் நிலைமை தலைகீழ். ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து உருவாவது அது. அதனால் வெயில் கொளுத்தும் பிற்பகலிலும் முன்மாலையிலும் உச்சத்துக்குப் போகும், காலையில் குறைவாக இருக்கும். அன்று ஓட்டத்தைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, என்95 கவசம் துகளைத்தான் தடுக்கும், ஓசோன் வாயுவைத் தடுக்காது. ஓசோன் நாளில் கவசம் போட்டுக்கொண்டு பிற்பகலில் ஓடுவதில் பொருளில்லை. ஆனால் வீட்டுக்குள் ஜன்னலை மூடிவைத்தால் ஓசோன் வெளியைவிட நன்றாகவே குறையும்.

நைட்ரஜன் டை ஆக்சைடு என்றால் வாகன நெரிசலோடு நேரடித் தொடர்பு. நேரத்தைவிடப் பாதையை மாற்றுவது பலன் தரும். பிஎம் 10, அதாவது 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள், மட்டும் உயர்ந்து பிஎம் 2.5 அவ்வளவாக உயரவில்லையென்றால் புழுதி. பலத்த காற்று, கட்டட வேலை அல்லது தூசிப் புயல். கண்ணும் தொண்டையும் முதலில் சொல்லிவிடும்.

5. இப்போதைய அளவு, சராசரி, முன்னறிவிப்பு மூன்றையும் பிரித்துப் படியுங்கள்

திரையில் பெரிதாகத் தெரியும் எண் பல நேரம் இந்த நிமிடத்தின் காற்று அல்ல. இந்தியக் குறியீடு துகள்களுக்குக் கடந்த 24 மணி நேரச் சராசரியையும், ஓசோன், கார்பன் மோனாக்சைடுக்கு 8 மணி நேர அளவையும் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கத் தளம் துகள்களின் நடப்பு நிலைக்குக் கடந்த 12 மணி நேரத்தைப் பார்த்து, அண்மை மணிகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது. நேற்று இரவு பெரும் புகை, இன்று காலை நல்ல மழை என்றால், 24 மணி நேரச் சராசரி இன்னும் மோசமாகவே காட்டும். ஜன்னலுக்கு வெளியே காற்று தெளிந்திருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அது இன்னும் ஆபத்து. பக்கத்தில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்திருக்கும்போதும் சராசரி மெதுவாகத்தான் ஏறும்.

அதனால் மூன்றுக்கும் மூன்று வேலை கொடுங்கள். நாளைய திட்டத்துக்கு முன்னறிவிப்பு. இந்த மணியில் வெளியே போகலாமா, ஜன்னலைத் திறக்கலாமா என்பதற்கு மணிவாரி அளவீடு. இந்த வாரம் எப்படிப் போகிறது என்று பார்க்கச் சராசரி.

முன்னறிவிப்பை எண்ணாகப் படிக்காமல் வகையாகவும் திசையாகவும் படியுங்கள். "நாளை 212" என்பதற்கும் "நாளை 238" என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த மாதிரியின் பிழைக்குள் அடங்கிவிடும். "இன்றைவிட ஒரு வகை மோசம், காலையில் உச்சம்" என்பதுதான் அதிலிருந்து எடுக்கத்தக்க செய்தி. நாளைக்கான கணிப்பை ஓரளவு நம்பலாம். மூன்று நான்கு நாள் கழித்து வருவதை வெளியூர்ப் பயணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்கு ஒரு முன்குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, நாள் நெருங்கும்போது மறுபடி பாருங்கள். வானிலைக் கணிப்பில் வரும் பிழை இதிலும் அப்படியே வந்து சேரும்.

முன்னறிவிப்புக்குத் தெரியாதவை சில உண்டு: பக்கத்துத் தெருவில் எரியும் குப்பை, திடீர்த் தீ விபத்து, எதிர்மனையில் தொடங்கிய இடிப்பு வேலை, வாணவேடிக்கை இரவு. இவற்றுக்கு மூக்கும் கண்ணும்தான் எச்சரிக்கைக் கருவி. புகை வாசனை வந்தால் செயலி பச்சையாக இருந்தாலும் ஜன்னலை மூடுங்கள்.

வானிலையையும் கொஞ்சம் படிக்கக் கற்றுக்கொண்டால், முன்னறிவிப்பு ஏன் அப்படிச் சொல்கிறது என்று புரியும். காற்றே அசையாத, மேகமில்லாத, குளிர்ந்த இரவு வருகிறதென்றால் மறுநாள் காலை துகள் கூடும். நல்ல காற்றோ தொடர்மழையோ வந்தால் குறையும். சிறு தூறல் போதாது.

6. செயல் அட்டை எழுதுங்கள்

இப்போதுதான் முதல் படியின் தாளுக்குத் திரும்புகிறோம். ஒவ்வொரு வகைக்கும் யார் என்ன மாற்றுவது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரிக்கு மேல் எழுதினால் காலையில் யாரும் படிக்க மாட்டார்கள்.

இந்திய அளவுகோலை வைத்து ஒரு மாதிரி தருகிறேன்.

மிதம் (101–200): ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் சாலையோர உடற்பயிற்சியை நிறுத்த வேண்டும், மருந்து கையில். மற்றவர்களுக்கு மாற்றமில்லை.

மோசம் (201–300): ஓட்டம் நடையாகும், அல்லது அன்றைய நல்ல மணிக்கு நகரும். குழந்தைகளின் வெளி விளையாட்டு நேரம் பாதியாகும். ஜன்னல் நல்ல மணியில் மட்டும் திறக்கும்.

மிக மோசம் (301–400): யாருக்கும் வெளியில் உடற்பயிற்சி இல்லை. நோயாளிகளும் முதியவர்களும் உள்ளே. போயே ஆக வேண்டியவர்களுக்கு முகக்கவசம்.

கடுமை (401க்கு மேல்): தள்ளிப்போடக்கூடிய எல்லாமே தள்ளிப்போகும். எல்லோரும் சுத்தமான அறையில்.

இவை நான் எழுதிக்கொண்ட எல்லைகள். அரசு வெளியிடும் சுகாதார அறிவுரை இருந்தால் அதை அடிப்படையாக வைத்து உங்களுக்குத் தக்கபடி எழுதுங்கள். குறி போட்ட பெயர்களுக்கு எல்லாவற்றையும் ஒரு வகை முன்னதாகவே தொடங்குங்கள். 51–100 வரும்போதே தொந்தரவு தெரிகிறவர்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர் தம் எல்லையை மருத்துவரோடு பேசி முடிவுசெய்வது நல்லது. மாசு நாளில் மருந்தின் அளவைத் தானாகக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது.

எழுதும்போது ஒரு வரிசையைப் பின்பற்றுங்கள்: முதலில் நேரத்தை நகர்த்துங்கள், முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள், அதுவும் முடியாவிட்டால் உழைப்பையும் நேரத்தையும் குறையுங்கள், ரத்து செய்வது கடைசி. எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் ரத்து செய்கிறவர்கள் சீக்கிரமே அட்டையைக் கைவிட்டுவிடுகிறார்கள். உடற்பயிற்சியே இல்லாமல் பல மாதம் இருப்பதும் உடலுக்கு நல்லதில்லை.

7. எச்சரிக்கையை அமையுங்கள்

அட்டை தயாரான பிறகுதான் இது. எச்சரிக்கைகள் இரண்டு போதும். ஒன்று, முந்தைய நாள் மாலை வரும் முன்னறிவிப்பு. திட்டத்தை மாற்ற அப்போதுதான் நேரமிருக்கும். இன்னொன்று, இப்போதைய அளவு உங்கள் அட்டையின் கடுமையான எல்லையைத் தாண்டினால் மட்டும் ஒலிப்பது, திடீர்ப் புகைக்காக.

எல்லையைத் தாழ்வாக வைப்பதுதான் வழக்கமான தவறு. மாசு மிகுந்த நகரத்தில் 100க்கு எச்சரிக்கை வைத்தால் பருவம் முழுக்க தினமும் ஒலிக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும். அட்டையில் உங்கள் செயல் எந்த எண்ணில் மாறுகிறதோ அந்த எண்ணில் வையுங்கள். எதுவும் மாறாத எண்ணுக்கு எச்சரிக்கை எதற்கு?

பேட்டரி சேமிப்பு அமைப்பு பல கைபேசிகளில் செயலியைப் பின்னணியில் உறங்கவைத்துவிடும், அறிவிப்பு வராது. அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். இருப்பிட அனுமதியைக் கொடுப்பதைவிட, நிலையத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுப்பது மேல். இல்லையென்றால் நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது அலுவலகப் பகுதியின் காற்றுக்கு எச்சரிக்கை வரும், வீட்டில் பெரியவர் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார். உங்கள் நகரத்தில் குறுஞ்செய்தி வழியாக எச்சரிக்கை தரும் சேவை இருந்தால் அதிலும் பதிவுசெய்யுங்கள். இணையம் இல்லாதபோதும் வரும்.

அப்புறம், வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எல்லோருக்கும் வரும் செய்தியை எல்லோரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். செயலி பயன்படுத்தாத முதியவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "நாளைக்குக் காலை நடை வேண்டாம், சாயங்காலம் போகலாம்" என்ற ஒரு வாக்கியம் போதும். எண்ணைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

கனடாவின் டொரன்டோ நகரத் தரவுகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், எச்சரிக்கை வெளியிட்டதால் ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்கு வருவோர் குறைந்தது தெரிந்தது. மற்ற நோய்களில் அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களிடம் மருந்தும் என்ன செய்வது என்ற திட்டமும் முன்பே இருக்கும், அதுதான் வேறுபாடு என்பது என் ஊகம்.

8. எச்சரிக்கை வந்தால்: முந்தைய மாலையிலிருந்து

முந்தைய மாலை: அட்டையை எடுத்து, நாளைய வகைக்கான வரியைப் படியுங்கள். மணிவாரி முன்னறிவிப்பில் எந்த இரண்டு மூன்று மணி நேரம் நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இழுப்பு வந்தால் உடனே எடுக்கும் மீட்பு மருந்துக் குப்பியில் மருந்து இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். பயண வழியை மாற்ற வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஜன்னல்: நாள் முழுக்க மூடிவைக்க வேண்டியதில்லை. குறித்துவைத்த நல்ல மணியில் எல்லாவற்றையும் அகலத் திறந்து காற்றை மாற்றிவிட்டு மூடுங்கள். மூடிய வீட்டுக்குள் ஊதுபத்தி, கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, சிகரெட், புகைய வறுப்பது எல்லாம் வெளியைவிட மோசமான காற்றை உண்டாக்கிவிடும். அன்று அவற்றைத் தவிருங்கள், சமைக்கும்போது புகைபோக்கியைப் போடுங்கள். உலர்துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இரண்டு விதிவிலக்குகளை மறக்கக் கூடாது. கடும் வெயில் நாளில் குளிரூட்டும் வசதி இல்லாமல் எல்லாவற்றையும் மூடினால், மாசைவிட வெப்பம் உடனடி ஆபத்து. அப்போது காற்றோட்டத்துக்கே முதலிடம். வீட்டுக்குள் கரி, விறகு, ஜெனரேட்டர் எதையும் மூடிய நிலையில் இயக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் உயிரைக் குடிக்கும்.

சுத்தமான அறை: சுத்திகரிப்பான் இருந்தால், வீடு முழுக்க அலையவிடாமல் எல்லோரும் அதிக நேரம் இருக்கும் அறையில், பெரும்பாலும் படுக்கையறையில், கதவை மூடி ஓடவிடுங்கள். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் அறைக்கு ஏற்ற அளவு வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை கன அடி தூய காற்று தரும் என்ற எண் பெட்டியில் இருக்கும். அது அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். 150 சதுர அடி அறைக்கு 100. ஓசோன் உண்டாக்கும் கருவிகளை வாங்காதீர்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசியின் வலை பிஎம் 2.5ஐப் பிடிப்பதில்லை, ஏசி ஓடுகிறது, அதனால் காற்று சுத்தம் என்பது பரவலான தவறான எண்ணம். தொட்டிச் செடிகளையும் இதற்காக நம்ப வேண்டாம், அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முகக்கவசம்: என்95 குறைந்தது 95 சதவீதத் துகளையும் எஃப்எஃப்பி2 94 சதவீதத்தையும் தடுக்கும் என்பது கவசத்தின் துணிக்கான கணக்கு. முகத்தோடு ஒட்டாத கவசத்தில் காற்று ஓரம் வழியாக வந்துவிடும், அப்போது அந்தச் சதவீதத்துக்கு மதிப்பில்லை. மூக்குக் கம்பியை இரு கையாலும் அழுத்தி, இரண்டு பட்டைகளையும் மாட்டி, பலமாக ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் ஒட்டாது. குழந்தைகளின் முகத்துக்கு இவை பெரும்பாலும் சரியாகப் பொருந்துவதில்லை, அவர்களுக்கு உள்ளே இருப்பதே பாதுகாப்பு. ஈரக் கைக்குட்டையும் அறுவைச் சிகிச்சைக் கவசமும் நுண்துகளுக்குப் போதாது. மூச்சுக் கோளாறு உள்ளவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அணியட்டும், கவசத்தோடு மூச்சு விடுவதே அவருக்குச் சிரமமாகலாம்.

பயணம்: காரில் போனால் கண்ணாடியை ஏற்றி, உட்காற்றைச் சுழலவிடும் பொத்தானைப் போடுங்கள். நெடுந்தூரம் என்றால் அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள், இல்லையென்றால் கரியமில வாயு சேர்ந்து தூக்கம் வரும். சைக்கிளும் நடையும் என்றால் ஒரு தெரு உள்ளே தள்ளிப் போங்கள்.

9. உடல் சொல்வதைக் கேளுங்கள்

இருமல், தொண்டை எரிச்சல், வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குதல் வந்தால், அன்றைய எண் என்னவாக இருந்தாலும் உள்ளே வந்துவிடுங்கள். நெஞ்சுவலி, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத மூச்சுத்திணறல், உதடு நீலமாவது, மீட்பு மருந்து எடுத்தும் தணியாத இழுப்பு: இவை வந்தால் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.

10. முன்னறிவிப்பை மதிப்பிட்டு, அட்டையைத் திருத்துங்கள்

சில வாரங்களுக்கு தினமும் ஒரு வரி எழுதிவையுங்கள்: நேற்று மாலை சொன்ன வகை, இன்று வந்த வகை, வீட்டில் யாருக்காவது தொந்தரவு இருந்ததா. உங்கள் பகுதியில் முன்னறிவிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று இதில் தெரிந்துவிடும். சில இடங்களில் எப்போதும் ஒரு வகை குறைத்துச் சொல்லும், பெரும்பாலும் சாலையோரங்களிலும் தாழ்வான பகுதிகளிலும். அப்படியென்றால் எல்லையை ஒரு வகை கீழே இறக்குங்கள்.

எச்சரிக்கை வந்தும் மாசு வராத நாளும், வராமல் மாசு வந்த நாளும் இரண்டுமே இருக்கும். முதலாவதில் இழப்பது ஒரு மாலை ஓட்டம். இரண்டாவதில் ஆஸ்துமா உள்ள குழந்தை இழப்பது அதிகம். ஆகவே குறி போட்ட பெயர்களுக்கு முதல்வகைப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி எல்லையை வையுங்கள், மற்றவர்களுக்குச் சற்றுத் தளர்வாக.

வீட்டில் சிறிய உணரி வாங்கி வைக்கிறவர்களுக்கு: இவை துகள் மீது ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியை வைத்துக் கணக்கிடுபவை. ஈரப்பதம் மிகுந்தால் துகள் நீரை உறிஞ்சிப் பெருத்து, எண் பொய்யாக ஏறும். மூடுபனிக் காலையில் உணரி காட்டும் பெரிய எண்ணை அப்படியே நம்பாதீர்கள். சமையலறைப் பக்கத்தில் வைத்தால் தாளிப்பைத்தான் அளக்கும். நிலையத்தின் எண்ணோடு சில நாள் ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு கூடக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, வீட்டுக்குள் ஜன்னல் மூடியபோதும் திறந்தபோதும் என்ன ஆகிறது என்று பார்க்க அது மிக நல்ல கருவி.

பருவம் மாறும்போது அட்டையை மறுபடி எடுங்கள். குளிர்காலத்துக்கு எழுதிய "காலையில் ஜன்னல் மூடு" என்ற வரி, ஓசோன் கூடும் கோடையில் "பிற்பகலில் மூடு" என்று மாற வேண்டியிருக்கும்.